கவுளி எந்தப் பக்கம் சொன்னது

லைப்சிக் நகரத்துச் சுவர்களில் பல்லி கிடையாது. வந்த புதிதில் இது எனக்கு உறைக்கவில்லை. குளிர், இருட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கடை திறக்காதது என்று கவனிக்க வேறு எவ்வளவோ இருந்தன. இரண்டாம் ஆண்டு ஐப்பசியில், ஒரு புதன்கிழமை, அலுவலகக் கூட்டத்தின் நடுவே என் இடப்பக்கம் பல்லி சொன்னபோதுதான் இத்தனை நாள் அந்தச் சத்தம் இல்லாமல் இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது. டிக், டிக், டிக். என் ஆட்காட்டி விரல் தானாக மடங்கி மேசையைத் தட்டியது. நம் ஊரில் யாராவது ஏதாவது பேசும்போது பல்லி சொன்னால், பேசியது பலிக்கும் என்று தரையையோ கட்டில் காலையோ தட்டுவோமே, அதே தட்டு. பிறகுதான் பார்த்தேன். பல்லி இல்லை. சன்னலுக்குக் கீழே இருந்த ஹைட்சுங், அதாவது அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய், சூடேறி விரியும்போது போட்ட சத்தம்.

அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. ஜெர்மனியில் கூட்டத்தில் ஒருவர் சொன்னது பிடித்திருந்தால் கை தட்ட மாட்டார்கள். விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். நான் தட்டியதும் பக்கத்தில் இருந்தவர் தட்டினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தட்டினார். கண்மாயில் கல் விழுந்த மாதிரி சத்தம் மேசையைச் சுற்றிப் பரவி என்னிடமே திரும்பி வந்தது. எங்கள் தலைவர் ஹைகெ அம்மையார் கண் கலங்கிவிட்டார். சத்தத்துக்கு முந்தின நொடியில் அவர் கேட்டிருந்த கேள்வி, மதுரைப் பக்கத்துத் திட்டத்தைத் தனிப் பொறுப்பாக எடுத்து நடத்த நம்மில் யாராவது முன்வருகிறார்களா என்பது. கூட்டக் குறிப்பில், அதை இங்கே புரோட்டோகோல் என்கிறார்கள், நான் முன்வந்ததாகவும் அனைவரும் ஏகமனதாக ஏற்றதாகவும் பதிவாயிற்று. ஜெர்மனியில் புரோட்டோகோலில் ஏறிய ஒன்றை இறக்குவது, மதுரையில் பிளக்ஸில் போட்ட பெயரை எடுப்பதைவிடக் கஷ்டம்.

எங்கள் நிறுவனம், தொழில்நுட்ப மாற்றத்தையும் சமூகத்தையும் பற்றி ஆலோசனை சொல்கிற ஒரு சுயேச்சையான பன்னாட்டு நிறுவனம். இந்த வாக்கியத்தை ஜெர்மனில் சொன்னால் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். தமிழில் சொல்லி ஒருவரும் நம்பியதில்லை. எழுமலையில் செல்போன் கடை வைத்திருக்கும் என் தாய்மாமன் மகன் பாண்டி, நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் போனில் விசாரித்தான்.

"மச்சான், கம்ப்யூட்டர் செய்றீகளா?"

"இல்ல மாப்ள."

"அப்ப விக்கிறீகளா?"

"அதுவும் இல்ல. புதுசா ஒரு மெஷின் வந்தா சனங்களுக்கு என்ன ஆகும்னு சொல்லுவோம்."

"வந்த பெறகா?"

"வர்றதுக்கு முன்னாடியே."

கொஞ்சம் யோசித்தான். "அப்ப ஜோசியம்னு சொல்லுங்க. அதுக்கு எதுக்கு கோட்டு?"

ஆனால் ஜோசியருக்கும் எங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஜோசியர் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்வார். நாங்கள் யாரிடமும் ஒரு காபிகூட வாங்கிக் குடிக்கக் கூடாது. குடித்தால் சுயேச்சை போய்விடும். ஹைகெ எங்கே போனாலும் தன் காபியைத் தானே பிளாஸ்கில் எடுத்துப் போவார். அமைச்சர் ஒருவர் வீட்டிலேயே பிளாஸ்கைத் திறந்தவர் என்று அலுவலகத்தில் பெருமையாகச் சொல்வார்கள்.

திட்டம் இதுதான். ஓர் அறக்கட்டளை, மதுரைக்கு மேற்கே ஏதாவது ஒரு கிராமத்தில் பேசும் கம்பம் ஒன்றை நட விரும்பியது. கம்பத்திடம் போய் மழை வருமா, பயிருக்கு என்ன மருந்து அடிக்கலாம், முதியோர் உதவித்தொகைக்கு எங்கே எழுதிப் போடுவது என்று தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லும். நடுவதற்கு முன்னால் ஊர்மக்கள் கூடிப் பேசி மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறார்களா என்று ஒரு சபை கூட்டி அறிந்து சொல்வது எங்கள் வேலை. நான் எழுமலைக்குப் பக்கத்தில் என் தாய்மாமன் ஊரைச் சொன்னேன். உடனே ஒரு கேள்வித்தாள் வந்தது. அந்த ஊரில் உங்களுக்கு உறவினர் உண்டா, எத்தனை பேர், என்ன உறவு? ஊரில் நான் முறை வைத்துக் கூப்பிடாத ஆள் ஒருவரும் இல்லை என்று உண்மையை எழுதினேன். ஹைகெ அதை இரண்டு நாள் வைத்து யோசித்தார். எல்லோரும் உறவு என்றால் யாருக்கும் தனிச் சலுகை காட்ட வழியில்லை, எனவே நீங்கள் முழு நடுநிலையாளர் என்று கையெழுத்துப் போட்டார்.

இதில் என் தலை எங்கே மாட்டியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் வேலை பெஃப்ரிஸ்டெட். அதாவது கெடு வைத்த வேலை. கெடு பங்குனியில் முடிகிறது. சபை நடந்து அறிக்கை போனால் அறக்கட்டளை அடுத்த கட்டத்துக்குப் போகும், எனக்கும் நீட்டிப்பு கிடைக்கும். நடக்காவிட்டால் வேலை போகும், வேலையோடு விசாவும் போகும். என் மனைவி கலா அந்த வருடம்தான் மொழித் தேர்வு எழுதித் தேறி, லைப்சிக் ஆஸ்பத்திரி ஒன்றில் செவிலியர் படிப்பில் சேர்ந்திருந்தாள். மூன்று வருடப் படிப்பு. வெள்ளைச் சட்டையைப் போட்டு நிலைக்கண்ணாடி முன்னால் அவள் நின்ற நாள் எனக்குக் கிழமையோடு நினைவிருக்கிறது. திங்கட்கிழமை.

நான் தேதி பார்க்கிற ஆள். என் மேசைக்கு மேல் இரண்டு நாள்காட்டிகள் தொங்கும். ஒன்று இங்குள்ள மருந்துக்கடை கொடுத்தது. மற்றது மதுரையிலிருந்து வரும் தினசரிக் காலண்டர், பின்பக்கத்தில் பல்லி விழும் பலன் அச்சடித்தது. ராகு காலத்தை லைப்சிக் நேரத்துக்கு மாற்றிப் பார்ப்பதா வேண்டாமா என்று நண்பர்களோடு பல வாரம் வாதாடியிருக்கிறேன். மார்கழியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள் என்பதால் பயணத்தைத் தையில் வைத்தேன். அதற்கான காரணம் கேட்ட நிர்வாகப் பிரிவுக்கு, தட்பவெப்பம் என்று எழுதினேன்.

தை மாதம், பொங்கல் முடிந்த மறுவாரம் ஹைகெவும் நானும் மதுரையில் இறங்கினோம். எங்கள் வீடு பரவையில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஹைகெ பிளாஸ்கைத் திறந்தபோது என் அம்மா முகம் போன போக்கை இங்கே எழுத வேண்டாம். மறுநாள் பாண்டியின் காரில் மேற்கே கிளம்பினோம். கீழக்குயில்குடிப் பக்கம் சமணர் மலை தெரிந்ததும் ஹைகெ அதைப் பற்றிக் கேட்டார். துறவிகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து தங்கிய இடம், பாறையில் கல்படுக்கை வெட்டியிருக்கிறது, வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர்களும் பொறித்திருக்கின்றன என்றேன். ஹைகெ மலையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் அவர்கள் முழுச் சுயேச்சை இல்லை" என்றார். பாண்டி என்ன சொல்றாக என்று கேட்டான். மலை நல்லாருக்காம் என்றேன்.

ஊர் எல்லையில் பிளக்ஸ் இருந்தது. நிறுவனத்தின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்த படம். ஹைகெ கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், இரண்டு பக்கமும் சிங்கம். கீழே "தொழில்நுட்பத் தாயே வருக" என்று எழுதி, வரவேற்பவர் வரிசையில் பாண்டியின் படம் ஹைகெ படத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. சிங்கங்கள் எந்தத் தரப்பைக் குறிக்கின்றன என்று ஹைகெ கவலையோடு கேட்டார். எந்தத் தரப்பும் இல்லை, இங்கே காதுகுத்துக்கும் சிங்கம்தான் என்றேன்.

சம்மதம் வாங்குவதில் சிக்கல் இருக்கும் என்று ஹைகெ பல பக்கக் கேள்விகளோடு வந்திருந்தார். என் அத்தை மாயக்காள், பாண்டியின் அம்மா, வார்டு உறுப்பினரும்கூட, ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

"ஏப்பா, அந்தக் கம்பத்துல லைட்டு இருக்கா?"

"இருக்கு அத்தை."

"அப்ப நட்டுட்டுப் போங்க. பேசுனா பேசிட்டுப் போகுது."

ஆனால் நடவேண்டிய இடம் மந்தை. ஊருக்குப் பொதுவான அந்தத் திடல் முழுவதும் காவல்சாமி கருப்புக்குச் சொந்தம். அங்கே ஒரு பந்தல் போடுவதானாலும், கூட்டம் போடுவதானாலும் சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும். சாமி நேரடியாகப் பேசாது. கோயில் முன்னால் உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பல்லி சொன்னால் உத்தரவு. கோயிலுக்குள் அதைப் பல்லி என்று சொல்ல மாட்டார்கள், கவுளி என்பார்கள். வலப்பக்கம் சொன்னால் நடத்தலாம், இடப்பக்கம் சொன்னால் கூடாது, சொல்லாவிட்டால் இன்னொரு நாள். ஒரு காரியத்துக்கு மூன்று முறை கேட்கலாம். அதற்கு மேல் கேட்பது சாமியை நச்சரிப்பது. அப்புறம் அடுத்த தைதான். இதையெல்லாம் பூசாரி ஒச்சப்பன் சொல்ல, நான் மொழிபெயர்க்க, ஹைகெ எழுதிக்கொண்டார். ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். வலப்பக்கம் என்றால் யாருடைய வலப்பக்கம்? எதிரெதிரே இருந்தால் இரண்டும் மாறுமே?

நான் அதை மொழிபெயர்த்ததும் ஒச்சப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உக்காந்திருக்கது சாமி. எதுக்க நிக்கிறது நாம. யாரு வலது செல்லும்?"

"முடிவெடுப்பவரின் வலது" என்று ஹைகெ எழுதி அடிக்கோடிட்டார்.

முதல் முறை செவ்வாய்க்கிழமை காலையில் கேட்டோம். ஒச்சப்பன் சூடம் காட்டிவிட்டு, "அய்யா, வெளிநாட்டுலருந்து வந்திருக்காக, மந்தையில கூட்டம் போட்டு என்னமோ கேக்கணுங்கிறாக, உத்தரவு குடு" என்று சொல்லி உட்கார்ந்தார். ஊர் பின்னால் உட்கார்ந்தது. வெயில் ஏறியது. ஹைகெ சம்மணம் போட்டு அசையாமல் இருந்தார். உட்கார்ந்து பழக்கமில்லாத கால் மரத்து, முகம் சிவந்துவிட்டது. அதைப் பார்த்த மாயக்காள் அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"ஏப்பா, அந்தப் பிள்ளைக்கு மொதல்ல சோத்தப் போடுங்கப்பா, மொகமே வாடிப் போச்சு."

டிக், டிக், டிக். சாமிக்கு வலப்பக்கத் தூணிலிருந்து கவுளி அழுத்தமாகச் சொன்னது. மொத்த ஊரும் தரையைத் தட்டியது. உத்தரவு எதற்கு என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. சோற்றுக்கு. கூட்டத்துக்கு இல்லை. கவுளி அந்தந்த நேரத்தில் காதில் விழுந்த பேச்சுக்குத்தான் பதில் சொல்லும்.

எங்கள் நிறுவன விதியின்படி ஹைகெ சாப்பிடக் கூடாது. கருப்பின் உத்தரவுப்படி சாப்பிட்டே ஆக வேண்டும். போதாக்குறைக்கு அவர் பால்கூடத் தொடாத சைவர். பாண்டி அதற்குள் ஆட்டுக்குச் சொல்லிவிட்டான். "மச்சான், உத்தரவு ஆயிருச்சு, இனி நீங்க தடுத்தா குத்தம்" என்று என்னைப் பயமுறுத்தினான். ஹைகெ இலைக்கு முன்னால் நெடுநேரம் யோசித்தார். விருந்தளிப்பவர் ஊர்க்காரர் என்றால் ஏற்கக் கூடாது, ஆனால் ஆணை பிறப்பித்தது விவகாரத்தில் எந்த ஆதாயமும் இல்லாத மூன்றாம் தரப்பு என்று முடிவுக்கு வந்து, வெறும் சோறும் ரசமும் சாப்பிட்டார். இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கினார். அதற்கு உத்தரவு இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் காரில் அவர் கேட்டார். "அந்தப் பிராணிக்கு ஊதியம் யார் கொடுக்கிறார்கள்?"

"யாரும் இல்லை."

"உணவு?"

"பூச்சி. அதுவே பிடித்துக்கொள்ளும்."

"அப்படியானால் அது நம்மைவிடச் சுயேச்சையானது" என்றார். சிரிக்கவில்லை.

அன்று இரவு கலா போன் செய்தாள். மருத்துவச் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தி, "பல்லி என்ன சொல்லுச்சு?" என்று கேட்டாள். சோறு போடச் சொன்னது என்றேன். "நம்ம பொழப்பு ஒரு பல்லி கையில இருக்குன்னு இங்க யாருட்டயும் சொல்லிராதீங்க" என்றாள்.

இரண்டாம் முறை வியாழக்கிழமை. இந்த முறை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒச்சப்பன் கண்டித்துவிட்டார். குழந்தைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். இருமல் வந்தவர்கள் எழுந்து தூரத்தில் போய் இருமிவிட்டு வந்தார்கள். சூடம் அணைந்து வெகுநேரம் ஆனபின், வலப்பக்கத் தூணுக்குப் பின்னாலிருந்து டிக் டிக் டிக் என்று கணீரென்று கேட்டது. எல்லோரும் தட்டினோம். ஹைகெவும் முட்டியை மடக்கித் தரையைத் தட்டினார். நான் கலாவின் வெள்ளைச் சட்டையை நினைத்துக்கொண்டேன். அப்போது அதே தூணுக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது.

"நண்பர்களே, வீடியோ பிடிச்சிருந்தா ஒரு லைக் போடுங்க, சேனலை சப்ஸ்கிரைப் பண்ண மறந்துறாதீங்க!"

பிறகு மாயக்காள் அத்தை எழுந்து போய், தூணுக்குப் பின்னாலிருந்து உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கரை எடுத்து வந்தார். அது பாண்டியின் கடையில் கண்ணாடிக்குள் இருந்ததை ஊரே பார்த்திருக்கிறது.

"அடேய், கருப்பு என்னைக்குடா லைக் கேட்டுச்சு?"

"ஆத்தா, மச்சானுக்கு வேல போயிருமேன்னுதான்..."

"வேல போனா வேற வேல வரும். கவுளி சொன்னா உத்தரவு, செல்லு சொன்னா சத்தம். கட வச்சிருக்கவனுக்கு இதுகூடத் தெரியாதா?"

கூட்டத்தில் யாரோ அடக்க முடியாமல் சிரிக்க, அது எல்லோருக்கும் தொற்றியது. ஒச்சப்பன் மட்டும் சிரிக்கவில்லை. பாண்டி கோயிலைச் சுற்றி உருண்டு, தேங்காய் உடைத்து, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். உருண்டான். ஹைகெ என்னிடம் மாயக்காள் அத்தை சொன்னதை ஒரு முறைக்கு இரண்டு முறை மொழிபெயர்க்கச் சொன்னார். இத்தனை வருடம் இத்தனை அறிக்கைகளில் நாம் எழுத முயன்றது இதுதான் என்று சொல்லி, அத்தையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தை எதற்கென்று தெரியாமல், "இருக்கட்டும்மா, எம் மகன்தான் கூறுகெட்டவன்" என்று ஆறுதல் சொன்னார். ஏமாற்றிக் கேட்டாலும் கேட்டது கேட்டதுதான் என்று ஒச்சப்பன் கணக்கு வைத்துவிட்டதால், ஒரு முறைதான் மிச்சம்.

மூன்றாம் முறை சனிக்கிழமை. ஞாயிறு விடிந்தால் விமானம். ஊர் கிட்டத்தட்ட முழுவதும் வந்திருந்தது, இந்த முறை எனக்காக. விஷயம் பரவியிருந்தது. பெயர் தெரியாத ஒருவர் என் தோளைத் தட்டி, "கவலப்படாதீக மாப்ள, சொல்லிரும்" என்றார். சூடம் ஏற்றி ஒச்சப்பன் கேட்டார். உட்கார்ந்தோம். கவுளி வாய் திறக்கவில்லை. தூணில் அது இருப்பது தெரிந்தது. வாலை மட்டும் அசைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. நிழல் கோயில் படியைத் தாண்டி வந்துவிட்டது. பழைய பாட்டுகளில், பொருள் தேடிப் போனவன் திரும்பி வருவானா என்று வீட்டில் இருப்பவள் பல்லியின் வாயைப் பார்த்து நிற்பாள் என்று படித்திருக்கிறேன். போனவனே வந்து பல்லியின் வாயைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாக எந்தப் பாட்டிலும் படித்த நினைவில்லை.

என் பக்கத்தில் இருந்த மாயக்காள் அத்தை, யாருக்கும் கேட்காது என்று நினைத்து, என் காதருகே குனிந்து கேட்டார். "ஏப்பா, நெசமாச் சொல்லு. அங்கனயே இருந்துருவியா, இங்கிட்டு வந்துருவியா?"

வெளிநாட்டில் இருக்கும் எவரும் இந்தக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்வதில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆச்சு என்று சொல்வதைப் போலத்தான். போன முறை வந்தபோதும் இதையேதான் சொன்னேன், அதற்கு முந்தின முறையும். "வராம எங்க போறேன் அத்தை, இன்னும் ரெண்டு வருசத்துல வந்துருவேன்."

டிக், டிக், டிக்.

வலப்பக்கம். சாமிக்கு வலப்பக்கம். ஊர் முழுவதும் தரையைத் தட்டிய சத்தத்தில் தூணில் இருந்த கவுளியே பயந்து மேலே ஓடிற்று. என் விரலும் தட்டிவிட்டது. என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தது தட்டிய பிறகுதான்.

"அண்ணே" என்று ஒச்சப்பனிடம் கெஞ்சினேன், "அது எனக்குச் சொன்னதுண்ணே. கம்பத்துக்கு இல்ல."

"அதத்தான் தம்பி நானும் சொல்றேன்" என்றார் ஒச்சப்பன், விபூதித் தட்டை எடுத்துக்கொண்டே. "மூணு வாட்டி கேட்டாச்சு. மொத வாட்டி சோத்துக்கு ஆச்சு. ரெண்டாவது இவன் கெடுத்தான். இப்ப ஒனக்கு ஆயிருச்சு. கம்பத்த அடுத்த தையில பாப்போம்." என் நெற்றியில் கொஞ்சம் அழுத்தமாகவே விபூதி பூசிவிட்டார். "நல்லபடியா வந்து சேரு."

காரில் ஏறும் முன்பே கலாவிடமிருந்து போன் வந்துவிட்டது. அத்தை முந்திக்கொண்டு சொல்லியிருந்தார், ஒம் புருசன் ரெண்டு வருசத்துல வந்துருவான்டி, கவுளியே சொல்லிருச்சு என்று.

"நீங்க அங்க போயி என்னத்தக் கேட்டுத் தொலச்சீங்க?" என்றாள் கலா.

"நான் கேக்கல. அத்தை கேட்டுச்சு. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்குச் சொல்லுங்க, வேணாங்கல. பல்லி இல்லாத எடமாப் பாத்துச் சொல்லக் கூடாதா?" பின்னால் ஆஸ்பத்திரியின் லிஃப்ட் மணி கேட்டது. பிறகு அவள் குரல் தணிந்தது. "அது உங்களுக்குத்தான சொல்லுச்சு. எனக்கு ஒண்ணும் சொல்லல. என் படிப்பு மூணு வருசம்."

காரில் ஏறிப் பேசுகிறேன் என்று போனை வைத்தேன். பக்கத்தில் சுவர் இருந்தது.

லைப்சிக் திரும்பியதும் ஹைகெ அறிக்கை எழுதினார். நான் எழுதினால் நடுநிலை கெடும் என்று என்னை விடவில்லை. மந்தைக்கு உரிய அதிகாரமுள்ள, எவரிடமும் ஊதியம் பெறாத ஒரு சுயேச்சை அமைப்பிடம் மூன்று முறை அனுமதி கோரப்பட்டது, இந்த ஆண்டு அனுமதி கிடைக்கவில்லை, எனவே கம்பத்தை நட வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை என்று எழுதியிருந்தார். அந்த அமைப்பின் பெயரை அறக்கட்டளை எழுதிக் கேட்டது. உறுப்பினர் விவரம் தர இயலாது, அது தூணில் வசிக்கிறது என்று பதில் போனது. அத்தோடு என் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். கலா பெட்டிகளின் மேல் இருந்த தூசியைத் துடைத்து வைத்தாள். கட்டவில்லை. துடைத்து மட்டும் வைத்தாள்.

மாசி கடைசி வாரம், மறுபடியும் ஒரு புதன்கிழமை, கூட்டம் கூடியது. வெளியே பனி. மதுரைப் பயணத்தைப் பற்றி நான் எழுந்து நின்று சொல்ல வேண்டியிருந்தது. எதிரே ஹைகெ உட்கார்ந்திருந்தார், முன்னால் பிளாஸ்க். என் சகாக்களுக்குக் கவுளியின் கதை ஏற்கெனவே தெரியும். ஹைகெ சொல்லியிருந்தார். அந்த வாரத்தில் இரண்டு பேர் விடுப்பு கேட்கும்போது ஹைட்சுங்கைத் திரும்பிப் பார்த்ததை நானே பார்த்தேன். நான் சொல்லி முடித்ததும் ஹைகெ அறக்கட்டளையின் கடிதத்தைப் பற்றிச் சொன்னார். கூலி கொடுத்து வைத்த ஆள் ஒருவர் தங்களிடம் வேண்டாம் என்று சொன்னது அவர்களுக்கு இதுவே முதல் முறையாம். இத்தனை சுயேச்சையை அவர்கள் எங்கும் பார்த்ததில்லை. அடுத்த தையிலும், தேவைப்பட்டால் அதற்கு அடுத்த தையிலும் போய்க் கேட்கச் சொல்கிறார்கள். எனவே, என்று ஹைகெ என்னைப் பார்த்தார், உங்கள் ஒப்பந்தத்தை நீட்டிக்க முன்மொழிகிறேன். இரண்டு வருடம்.

நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ முறை சொன்ன ரெண்டு வருசத்துக்கு முதல்முறையாக ஒரு முடிவுத் தேதி, முத்திரையோடு.

யாரும் உடனே தட்டவில்லை. எல்லோரும் சன்னலுக்குக் கீழே பார்த்துக் காத்திருந்தார்கள். கொஞ்சம் சிரிப்போடு, ஆனால் காத்திருந்தார்கள். குழாயில் வெந்நீர் ஏறும் ஓசை கேட்டது. டிக், டிக், டிக். எனக்கு இடப்பக்கம். உட்கார்ந்திருக்கும் ஹைகெவுக்கு வலப்பக்கம். ஒச்சப்பன் அண்ணன் கணக்குப்படி, உத்தரவு.

மேசை முழுவதும் முட்டிகள் இறங்கின. என் விரலும் மடங்கித் தயாராகத்தான் இருந்தது. தட்டினால் இருப்பதற்கு ஒப்புக்கொண்டதாகிறது. தட்டினால் இரண்டு வருடத்தில் போவதற்கும் ஒப்புக்கொண்டதாகிறது. அதற்கும் மேலே கலாவின் படிப்பில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதைப் பற்றிக் குழாயும் சொல்லவில்லை, கவுளியும் சொல்லவில்லை. எல்லோரும் தட்டிய தட்டில் மேசை அதிர, ஹைகெவின் பிளாஸ்க் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. என் விரல் மட்டும் மடங்கியபடி மேசைக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது.